யார் போட்டது, யார் பார்த்தது

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. தண்ணீர் வரவில்லை, குப்பை வண்டி வரவில்லை, நாய் துரத்துகிறது என்பதைத் தவிர அதில் வேறு பேச்சு கிடையாது. போன மாதம் திடீரென்று அதில் ஒரு சண்டை மூண்டது. மூன்றாவது வீட்டு வங்கிக்காரர் தன் ஸ்கூட்டரின் பிரேக் ஷூவைத் தானே மாற்றிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு ஒரு போட்டோ போட்டார். மொபைலில் பார்த்து முக்கால் மணி நேரத்தில் முடித்தாராம், இனி மெக்கானிக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாராம். அவ்வளவுதான், பாதித் தெரு கைதட்டியது, மீதித் தெரு உயிரோடு விளையாடாதீர்கள் என்று குதித்தது. இரண்டு நாள் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு யாரோ என் பெயரை இழுத்துவிட்டார்கள். "சோணைமுத்து அண்ணன் பஸ் டெப்போவுல முப்பத்தொரு வருஷம் பிரேக் செக்சன்ல இருந்தவரு. அண்ணே, நாமளே செய்யலாமா, காசு குடுத்துச் செய்யணுமா? ஒரே வரில சொல்லுங்க."

ஒரே வரி என்றாலே எனக்கு எரிச்சல் வரும். இருந்தாலும் போனை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, கலெக்டருக்கு மனு எழுதுற மாதிரி இம்புட்டு யோசனை?" என்றாள். போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டேன். பத்து வருஷமாக வெளியாள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

படித்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். மதுரை பஸ் டெப்போவில் ஒரு வருஷம் அப்ரண்டிஸ், அப்புறம் கொஞ்ச காலம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். பிரேக் செக்சனில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயே நரைத்து அங்கேயே மாலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் டெப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற டெப்போக்களில் உண்டா என்று எனக்குத் தெரியாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியவன், நட்டுகளை இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். அதோடு அவன் எழுந்து போய்விட வேண்டும். அப்புறம் வேறொருவன் வருவான். அவன் தன் கையால் மறுபடியும் ஸ்பானரை மாட்டி, ஒவ்வொரு நட்டாக அழுத்திப் பார்த்து, அசையவில்லை என்றால் நட்டின் மூலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைப்பான். வெள்ளைக் கோடு போட்டவனுடையது, மஞ்சள் புள்ளி பார்த்தவனுடையது. இரண்டும் இருந்தால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். புள்ளி வைத்த பிறகு எவனாவது ஸ்பானரை மாட்டினால் மூலையில் பெயின்ட் உரிந்துவிடும். அதனால் பிறகு யாராவது கை வைத்தார்களா என்பதும் பார்த்தவுடன் தெரிந்துபோகும்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் ஃபோர்மேன் தேவசகாயம் சார். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர், டிப்ளமோ படித்து வந்தவர். எப்போதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். ஸ்பானரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார், அசிங்கமாகத் திட்ட மாட்டார். வண்டிப் பக்கத்தில் வந்து நின்று இரண்டே கேள்வி கேட்பார். "யாரு போட்டது?" பெயரைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, "யாரு பார்த்தது?" என்பார். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துவிட்டால் "அப்படியா" என்பார். அந்த "அப்படியா"வுக்குப் பயந்து லீவு போட்டவர்கள் உண்டு.

நானும் அதில் ஒருமுறை மாட்டினேன். விடியற்காலையில் கம்பம் போகிற பஸ்ஸுக்கு முன்சக்கரம் மாற்றியிருந்தேன். பார்க்க வேண்டியவனுக்குக் காய்ச்சல், அவன் வரவில்லை. நேரமாகிவிட்டதே என்று கோட்டையும் நானே போட்டு, புள்ளியையும் நானே வைத்துவிட்டேன். தேவசகாயம் சார் வந்தார், இரண்டு கேள்வியும் கேட்டார்.

"சார், நாப்பது பேர் ஏறி உக்காந்துட்டாங்க சார்" என்றேன்.

"அதுக்குத்தான் கேக்குறேன்" என்றார்.

எல்லாரையும் இறங்கச் சொன்னார். பயணிகள் என்னைத் திட்டிய திட்டு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நட்டை எல்லாம் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லி, எலெக்ட்ரிசியன் ஒருவரைக் கூப்பிட்டு ஸ்பானரைக் கொடுத்துப் பார்க்க வைத்தார். ஒரு நட்டும் அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பாத்தீங்களா சார், நாந்தான் சொன்னேன்ல" என்றேன்.

"சோணை, நீ நல்ல வேலைக்காரன். அதனாலதான் உன்னைய நம்பப் பயமா இருக்கு. அரைகுறையா வேல தெரிஞ்சவன் பயத்துல அவனே ரெண்டு தடவ பாத்துக்கிருவான். நீ பாக்க மாட்ட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் டெப்போவுக்குள். வெளியே வந்தால் நான் வேறு ஆள். சொந்தபந்தத்தில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் போன் வரும். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மெக்கானிக் கடையில் எங்கள் ஆட்களில் எவனாவது வண்டியை நிறுத்தினால் எனக்கு அது அவமானம். கவர்மென்ட் பஸ்ஸுக்கே பிரேக் பார்க்கிறவன் வீட்டு வண்டி, ரோட்டோரக் கடையில் போய் நிற்பதா? அப்படி ஒரு தலைக்கனம்.

என் தங்கை பாண்டியம்மாளை எழுமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் வீரணன், எனக்கு மாப்பிள்ளை, சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கம் குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன வண்டி. தினமும் காலையில் கத்தரிக்காய், முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி வழியாக மதுரை மார்க்கெட்டுக்கு வருவார். ஒரு நாள் போனில், "மச்சான், பின்னாடி பிரேக் புடிக்கவே மாட்டேங்குது. செக்கானூரணில காதர் பாய்ட்ட லைனிங் மாத்த விடலாம்னு இருக்கேன்" என்றார்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஒங்களுக்குக் காதர் பாய் எதுக்கு மாப்ள? ஞாயித்துக்கெழம வாரேன்" என்றேன்.

காதர் பாயை எனக்கும் தெரியும். செக்கானூரணி ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பஞ்சரும் ஒட்டுவார், சில்லறை மெக்கானிக் வேலையும் பார்ப்பார். நல்ல வேலைக்காரர் என்று பெயர். அவர் நல்ல வேலைக்காரர் என்பதும் நான் குறுக்கே விழுந்ததற்கு ஒரு காரணமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை எழுமலைக்குப் போனேன். வண்டி வீட்டு வாசலில் நின்றது. முதலில் வலது பின்சக்கரம். ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை இழுத்து, தூசியைத் துடைத்து, பழைய லைனிங்கை எடுத்துப் புதுசைப் போட்டேன். டிரம்மை மாட்டி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை முக்கால் வாசி இறுக்கினேன். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முழு இறுக்கு கொடுக்க முடியாது, சுற்றும். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் ஸ்பானரில் உடம்பு எடையைப் போட்டுக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அப்படியே இறக்கி இறுக்கினேன். இறுக்கிவிட்டு என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து ஒவ்வொரு நட்டின் மூலையிலும் ஒரு புள்ளி வைத்தேன். மஞ்சள் பெயின்ட் வீட்டில் ஏது? வெளியே வேலை பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாட்டில் என் பையில் இருக்கும். கோடும் நானே, புள்ளியும் நானே. பழக்க தோஷம்.

பாண்டியம்மாள் பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தாள். "எங்கண்ணன் வண்டிக்கு மருதாணி வச்சு விடுறாரு, எல்லாரும் வந்து பாருங்கடி!"

அடுத்து இடது பக்கம். லைனிங் மாற்றி, சக்கரம் மாட்டி, நட்டுகளை முக்கால் வாசி இறுக்கி நிமிர்ந்தேன். அதற்குள் அவள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். "அண்ணே, கறிக்கொழம்பு ஆறிப் போச்சு. இனிச் சுட வைக்க மாட்டேன், பாத்துக்கங்க." பாலிஷ் பாட்டில் திறந்தபடி இருந்தது, மூடி எங்கேயோ உருண்டு போயிருந்தது. காய்ந்துவிடுமே என்று இடது நட்டுகளுக்கும் அப்போதே புள்ளியை வைத்துவிட்டேன். சாப்பிட்டு வந்து இறக்கி இறுக்கினால் போச்சு என்று நினைத்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பிட்டேன். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தேன். எழுந்து வந்தபோது வண்டி நாலு சக்கரத்திலும் நின்றுகொண்டிருந்தது. முன்னாலேயே சாப்பிட்டு முடித்திருந்த வீரணன், எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று ஜாக்கியை இறக்கி, சாமான்களை சீட்டுக்குப் பின்னால் அடுக்கி, வண்டியைக் கழுவியும் விட்டிருந்தார். நான் இடது சக்கரத்தைப் பார்த்தேன். எல்லா நட்டிலும் சிவப்புப் புள்ளி பளிச்சென்று இருந்தது. புள்ளி இருந்தால் இன்னொருவன் பார்த்தாகிவிட்டது என்று இருபத்தைந்து வருஷமாகப் பழகிய கண் இது. நானே வைத்த புள்ளியை அடுத்தவன் வைத்ததுபோல் நம்பிவிட்டது.

"எடுங்க மாப்ள, ஓட்டிப் பாப்போம்" என்றேன். ஊர் எல்லை வரை போய்வந்தோம். பிரேக் கல்லுபோல நின்றது. வீரணன் வாயெல்லாம் பல்லாக, "மச்சான் கை பட்டாலே தனிதான்" என்றார். நானும் மீசையைத் தடவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது செக்கானூரணியில் ஒரு பின்சக்கரம் பஞ்சராகி, காதர் பாய் கடையில் ஒட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை, கருமாத்தூர் தாண்டியதும் இடது பின்சக்கரம் கழன்று தனியாக ஓடிவிட்டது. வண்டி சாய்ந்து இழுத்துக்கொண்டு போய்ச் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் மோதியது. வீரணனுக்கு இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. வேறு யார் மேலும் படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடத்தைத் தாண்டி இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். மாப்பிள்ளை மயக்க ஊசியில் கிடந்தார். பாண்டியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நேத்துப் பஞ்சர் ஒட்டுனவன் நட்டச் சரியா முடுக்கலண்ணே. அவன் கை வெளங்குமா? ஒங்க கைபட்ட வண்டிண்ணே அது, கல்லாட்டம் இருந்துச்சு." வீரணனின் அண்ணன் தவசியும் நாலைந்து பேரும் அப்போதே கிளம்பி காதர் பாய் கடைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

நான் வண்டியைப் பார்க்கப் போனேன். வலது சக்கரத்து நட்டுகளில் சிவப்புப் புள்ளி மூலையில் உரிந்திருந்தது. ஸ்பானர் ஏறி இறங்கிய அடையாளம். அழுத்திப் பார்த்தேன், இரும்பாக இறுகியிருந்தது. காதர் பாய் தொட்டது அந்தச் சக்கரம்தான், செய்த வேலையும் சுத்தம். இடது பக்கம் வந்தேன். நட்டெல்லாம் போய், சக்கரம் தன் ஓட்டையைக் கிழித்துக்கொண்டு போனதில் வளைந்த ஒரு போல்ட்டில் ஒரே ஒரு நட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பாலிஷ் புள்ளி ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது. அதன் பிறகு எவன் ஸ்பானரும் அதில் ஏறவில்லை. என் ஸ்பானரும் ஏறவில்லை.

விரலால் திருகினேன், வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாராவது கேட்டால் மாப்பிள்ளையிடம் காட்ட எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்தேன். பொய். மறைக்கத்தான் எடுத்தேன்.

தவசி ஆட்கள் காதர் பாயின் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கவிழ்த்து, போர்டைப் பிய்த்து எறிந்துவிட்டு வந்திருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அவர் மேல் ஒரு மனுவும் கொடுத்தாயிற்று. "நான் தொட்டது வலது பக்கம், இடது பக்கம் கையே வைக்கல" என்று அந்த மனிதர் கத்தியிருக்கிறார். எவன் கேட்கிறான்? கொட்டகையை வாடகைக்கு விட்டவர் காலி செய்யச் சொல்லிச் சாவியைக் கேட்டுவிட்டாராம். இதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னிடமே பெருமையாகச் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஜாக்கியை இறக்கியது மாப்பிள்ளைதானே என்று ஒரு நேரம் தோன்றும். நான் சொன்னால் மாப்பிள்ளை கை சரியாகிவிடுமா என்று ஒரு நேரம் தோன்றும். பாண்டியம்மாள் முகத்தில் இனி எப்படி விழிப்பது, டெப்போவில் எப்படி நிமிர்ந்து நடப்பது என்றெல்லாம் ஓடும். உண்மையைச் சொன்னால், எனக்குக் காதர் பாயைவிட என் பேர்தான் பெரிதாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

வெள்ளிக்கிழமை டெப்போவில் ஒரு வண்டிக்கு மஞ்சள் புள்ளி வைக்க வேண்டிய முறை எனக்கு. ஸ்பானரை மாட்டி அழுத்தினேன், அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது, நான்காவது முறையும் அழுத்தினேன். புள்ளி வைக்கக் கை வரவில்லை. பின்னால் தேவசகாயம் சார் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சோணை, புள்ளி வைக்கல?"

எல்லாவற்றையும் சொன்னேன். அங்கேயே, வண்டிக்கு அடியில் உட்கார்ந்தபடி சொன்னேன். அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு போட்டது?"

"நாந்தான் சார்."

"யாரு பார்த்தது?"

அவர் "அப்படியா" என்று சொல்லவில்லை. பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, என் கையிலிருந்த ஸ்பானரை மெதுவாக வாங்கிக்கொண்டார். "இங்க ஒனக்கு இன்னிக்கு வேல இல்ல. போ" என்றார். எங்கே போ என்று சொல்லவில்லை.

நேராகச் செக்கானூரணிக்குப் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காதர் பாய் வாசலில் கவிழ்ந்த கம்ப்ரசரை வைத்துக்கொண்டு, அதன் வால்வைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்தார். இன்னொரு சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் பையிலிருந்து நட்டை எடுத்து நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். நீங்கள் தப்புச் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் நட்டை வாங்கவே இல்லை.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றார். "நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அப்புறம் திரும்பி உட்கார்ந்து வால்வைத் துடைக்க ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனவன். மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அந்த ஒரு ஆளோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. அந்த மனிதர் அதை ஒரே பேச்சில் பிடுங்கி எறிந்துவிட்டார்.

மாப்பிள்ளையை முந்தின நாள்தான் எழுமலைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மறுநாள் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு வீரணன் படுத்திருந்தார். தவசி இருந்தார், பங்காளிகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பாண்டியம்மாள் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். நட்டை நடுவில் வைத்தேன். கறிக்குழம்பு ஆறிப்போகும் என்று பாலிஷ் வைத்ததில் தொடங்கி, விரலால் திருகி எடுத்ததுவரை சொன்னேன்.

தவசிதான் முதலில் பேசினார். "அப்ப அந்தாளு கடைய நாங்க ஒடச்சது?"

வீரணன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பஞ்சரானது வலது பக்கம்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மச்சான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நெனவு வந்ததும் கழண்டது எடது சக்கரம்னு சொன்னாங்க. அப்பவே தெரிஞ்சிருச்சு. எல்லாரும் பஞ்சர்க் கடைன்னாங்க, நான் வாய மூடிக்கிட்டேன். கூலி வாங்காம, ஒரு நாள் லீவ விட்டுட்டு வந்து செஞ்சு குடுத்தீங்க. ஒங்களப் போயி எப்படிக் கேக்குறது? காதர் பாய்னா காசு குடுத்தோம், கேக்கலாம். ஒங்களக் கேக்க மனசு வரல."

பாண்டியம்மாள் காப்பித் தட்டைத் தரையில் ணங்கென்று வைத்தாள். "எங்கண்ணன ஒரு வார்த்த கேக்க ஒங்களுக்குக் கூச்சம்! ஒண்ணுந் தெரியாத மனுசன் கடைய ஒடைக்கக் கூச்சமில்ல! நீங்க என்னண்ணே, மூணு நாளா எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு இட்லி வாங்கிக் குடுத்தீங்களே, அந்த இட்லியக் குடுக்கும்போது ஒரு வார்த்த வரலையா வாயில?"

அவள் அத்தனை பேர் முன்னாலும் எங்கள் இரண்டு பேரையும் கிழித்த கிழியில் தவசியே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளே தனியாகச் செக்கானூரணிக்குப் போய் வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று எவ்வளவு கேட்டும் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் மனுவை வாபஸ் வாங்கினார்கள். தவசி ஆட்கள் போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள், புதுக் கம்ப்ரசர் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் கொட்டகை போனது போனதுதான். அதை வேறொருவருக்கு விட்டாயிற்று. காதர் பாய் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, மேலக்கால் போகிற ரோட்டில் ஒரு இடம் பிடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மாப்பிள்ளையின் மணிக்கட்டு இன்றும் முழுசாகத் திரும்பாது. எனக்கு மட்டும் ஒரு தண்டனையும் கிடையாது. யாரும் விளக்கம் எழுதிக் கேட்கவில்லை, யாரும் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வங்கிக்காரர் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். நீங்களே செய்யுங்கள் சார், தாராளமாகச் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பதற்கும் ஏர் ஃபில்டரைத் தட்டுவதற்கும் யாரிடமும் போக வேண்டாம். பிரேக் கூட நீங்கள் செய்யலாம், வித்தை ஒன்றும் இல்லை. என்னைவிடச் சுத்தமாகவும் செய்வீர்கள், ஏனென்றால் உங்களுக்குப் பயம் இருக்கும். ஆனால் செய்து முடித்தபின் உங்களைக் கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் கொடுக்கிற காசில் பாதி வேலைக்கு, மீதி அவரைக் கேள்வி கேட்பதற்கு என்று நான் நினைக்கிறேன். ஓசியில் செய்துகொடுத்த என்னை என் மாப்பிள்ளையால் கேட்க முடியவில்லை. நானும் கேட்கவிடாத மாதிரிதான் நடந்துகொண்டிருந்தேன். சொந்தக்காரன் என்ற உரிமையோடு, வேலைக்காரன் என்ற திமிரும் சேர்ந்து வந்தால் யார் வாயைத் திறப்பார்கள்?

அதன் பிறகு என் ஸ்கூட்டரை நான் தொடுவதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்துவிடுவேன், இருந்தாலும் மேலக்கால் ரோட்டுக்குத்தான் கொண்டுபோகிறேன். முதல் தடவை போனபோது காதர் பாய் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கவர்மென்ட் மெக்கானிக்கு, நீங்களே பாத்துக்கலாமே" என்றார். சுருக்கென்றது. "இல்ல பாய், நீங்க பாருங்க" என்றேன். "விட்டுட்டுப் போங்க, சாயந்தரம் வாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பத்து வருஷமாக அவ்வளவுதான் பேச்சு. வேலை ஒன்றில்கூடக் குறை இருக்காது. காசை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுவார்.

வேறு யார் வண்டியை எடுத்துப் போனாலும் அவர் கையைத் துடைத்துக்கொண்டே, ஏதாவது என்றால் வந்து கேளுங்கள் என்று சொல்லி அனுப்புவார். சின்னப் பையன் சைக்கிளுக்குக் காற்றடித்துப் போனாலும் சொல்வார். எனக்குச் சொன்னதில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். என்னிடம் சொல்ல அவருக்கு ஒரு அவசியமும் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்கிற யோக்கியதையை நான் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் முன் பிரேக் கேபிள் மாற்றக் கொடுத்திருந்தேன். வாட்சப் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த நோட்டில் பாதி எழுதியிருந்த நேரம் அது. சாயந்தரம் போய்க் காசைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணே."

என்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தேன். கடையில் வேறு ஆள் இல்லை. காதர் பாய் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"புதுக் கேபிளு, ரெண்டு நாள்ல கொஞ்சம் தளரும். ஏதாச்சும் தப்பாத் தெரிஞ்சா ஒடனே வந்து கேளுங்கண்ணே."

"கேக்குறேன் பாய்" என்றேன். அறுபத்திரண்டு வயதில், ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே மதுரை வரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.